நின்றபடி வளர்ந்த அம்மன்

சார் என்னை "அண்ணே" என்று கூப்பிடாமல் இருந்திருந்தால் பாதித் தொல்லை எனக்கு வந்திருக்காது. "ஏய்" என்று கூப்பிடுகிற மேஸ்திரிகளிடம் உப்பளத்தில் வருஷக்கணக்கில் வேலை செய்தவன் நான். அவர்களிடம் லீவு கேட்கவே வேண்டாம்; போகாமல் இருந்துவிட்டால் போதும். மறுநாள் நாலு வசவு விழும், அதோடு தீர்ந்தது. சார் அப்படி இல்லை. என்னைவிடச் சின்னவர், இன்ஜினியருக்குப் படித்தவர், "அண்ணே, கொஞ்சம் இருங்களேன்" என்பார். அந்தக் கொஞ்சம் பொழுது சாய்கிற வரை போகும். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிறவியிலேயே கூச்சக்காரன். ஐந்தாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம்கூட, ஆறாவதில் எழுந்து நின்று ஒப்பிக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னதுதான்.

அது சுனாமி வந்த அடுத்த வருஷம். மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற மண்பாதையில், முன்பு உப்பு மூட்டை அடுக்கிவைத்த ஷெட் ஒன்றை சார் வாடகைக்கு எடுத்திருந்தார். வாடகை குறைவு என்பதற்காக எடுத்தார். மாவில் அச்சடிக்கிற மெஷினை உப்புக் காற்றுக்கு நடுவில் கொண்டுவந்து வைக்கிறோமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

மெஷின் அவரே கட்டியது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொட்டி. ஒன்றில் மாவு. கை உடைந்தால் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறார்களே, அந்த வெள்ளைத் தூளோடு ஏதோ பசைத் தூளும் கலந்தது. ஒரு உருளை அந்த மாவை இழுத்து அடுத்த தொட்டியின் மேல் காகிதக் கனத்துக்கு ஒரு வரிசையாகப் பரப்பும். அப்புறம் ஒரு தலை ஓடும். ஆபீஸில் காகிதத்தில் எழுத்து அடிக்கிற பிரின்டரில் இங்கும் அங்கும் ஓடுமே, அதே தலை. மைக்குப் பதிலாக ஒரு பசைத் தண்ணீரைத் துளித்துளியாகப் பீய்ச்சிக்கொண்டு போகும். துளி விழுந்த இடம் இறுகும். விழாத இடம் மாவாகவே கிடக்கும். பிறகு தொட்டியின் அடித்தட்டு ஒரு மயிரளவு கீழே இறங்கும். மறுபடி உருளை, மறுபடி தலை. வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிவிட்டு, அந்த வில்லைகளை அடுக்கித் திரும்பவும் தண்டாக்குகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின் மாவைத் தோண்டினால் உள்ளே பொருள் இருக்கும். அதுவரை என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது.

என் வேலை அதன் பக்கத்திலேயே இருப்பது. கடல் காற்றில் மாவு ஈரம் வாங்கி உருளையில் கட்டிகட்டியாய் ஒட்டும். பிரஷ் வைத்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; விட்டால் அந்தக் கட்டி அடுத்த வரிசையில் கோடு கிழித்துவிடும். மாவு குறைந்தால் கொட்ட வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சாவதற்குள் ஜெனரேட்டரை இழுத்துவிட வேண்டும். சமயத்தில் மூன்று முறை இழுத்தும் அது எழுந்திருக்காது. ஒண்ணுக்குப் போவதற்குக்கூட மெஷினிடம் உத்தரவு வாங்க வேண்டிய பிழைப்பு.

எனக்கு ஒரே தங்கை. பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் காது குத்த வேண்டும் என்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். நான் ஒருத்தன்தான் மாமன். சித்திரையில் நாள் குறித்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஏதோ கம்பெனிக்காக அடித்த பாட்டில் மாதிரி ஒன்று மெஷினுக்குள் பாதியில் நின்றுகொண்டிருந்தது. சார் "கொஞ்சம் இருங்களேன்" என்றார். நான் இருந்தேன். தங்கை பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்த நிலையில் காதுகுத்தைத் தள்ளிவைத்தாள். மாப்பிள்ளை ஊரெல்லாம் கேட்கிற மாதிரி, "உங்கண்ணனுக்கு மடி இருக்குதா, இல்ல அதையும் மெஷின்ல அடிச்சித்தான் எடுக்கணுமா?" என்று கேட்டாராம்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மறுபடி நாள் குறித்தார்கள். தங்கை ஒரு ரூபாய் போனிலிருந்து சாரின் செல்லுக்குக் கூப்பிட்டாள். சார் போனை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றார்.

"அண்ணே, இந்த வாட்டி வரலன்னா சித்தப்பா மகனக் கோட்டக்குப்பத்துலருந்து கூட்டியாந்து அவன் மடியில உக்கார வெச்சிடுவாங்க. அப்புறம் நீ எனக்கு அண்ணனே இல்ல, பாத்துக்க."

"ம்."

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"ம்... சரி."

"என்னா ம்? பக்கத்துல நிக்கறாரா?"

"ம்."

"என் தலையெழுத்து" என்று வைத்துவிட்டாள். ஏதாவது விசேஷமா அண்ணே என்று சார் கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றேன். இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது?

அந்த வாரம்தான் அம்மன் வந்தாள். பக்கத்துக் கிராமத்துக் கோயிலில், திருவிழாவில் ஊர்வலம் போகிற செப்புச்சிலைக்குக் கைவிரல் உடைந்திருந்தது. உடைந்த சாமியைத் தூக்கக்கூடாது, புதுசு வார்க்க வேண்டும். சிலை வார்க்கிற ஸ்தபதி பழையதைத் தன் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள், பார்த்துச் செய்கிறேன் என்றார். சாமி ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. சார் கோயிலுக்கே போய், ஏதோ விளக்கொளியைச் சிலைமேல் ஓட்டி, அளவெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதே மாதிரி மாவில் ஒன்று அடித்துக் கொடுத்தால் ஸ்தபதி அதைப் பார்த்து வார்ப்பார். ஒன்றரை அடி அம்மன். ஸ்தபதி அடுத்த வாரக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

சார் மெஷின் ஓடுகிற வேகத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அம்மன் முழுசாக எழுந்து நிற்க மூன்று நாளுக்கு மேல் ஆகும் என்று வந்தது. அன்றைக்குப் புதன்கிழமை. இன்றைக்குத் தொடங்கினால் ஞாயிறு எங்கே போகும்?

சாருக்கும் அவசரம்தான். வேகமாக்குகிறேன் பாருங்கள் என்று இறங்கினார். முதலில் ஒவ்வொரு வரிசையையும் கனமாகப் பரப்பச் செய்தார். வரிசை கனமானால் எண்ணிக்கை குறையுமே. குறைந்தது. ஆனால் சோதனைக்கு அடித்த முகத்தை எடுத்துப் பார்த்தால் நெற்றியிலிருந்து மோவாய் வரை படிக்கட்டு. அடுத்தபடியாக, ஒரு வரிசைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஈரம் இறுகுவதற்காக மெஷின் சும்மா நிற்கிற நேரத்தைக் குறைத்தார். உருளை வந்து ஈரத்தையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மனின் பாதம் ஒரு பக்கமாகப் பாகுபோல நீண்டிருந்தது. மூன்றாவதாகத் தலையின் ஓட்டத்தைக் கூட்டினார். மெஷினே கிடுகிடுவென்று ஆடி, தொட்டியின் ஓரத்து மாவு சரிந்தது. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் மாவை அள்ளி, சலித்து, திரும்பக் கொட்டியது யார்? நான்தான். வேகமாக்குகிறேன் என்று இரண்டு நாளைத் தின்றார்.

கடைசியில் வியாழக்கிழமை சாயங்காலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அண்ணே, நான் ஒரு மடையன். இந்த மெஷினுக்கு நீளம் அகலம் ஒரு பொருட்டே இல்ல. உயரந்தான் நேரம். எத்தனை வரிசையோ அத்தனை நேரம். அம்மனைப் படுக்க வெச்சு அடிச்சா உயரம் ஒரு சாண்கூட வராது. ஒரு நாளும் கொஞ்சமும் போதும்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமை தொடங்கினால் சனிக்கிழமை முடிந்துவிடும். ஞாயிறு என்னுடையது.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் தர்மகர்த்தா பூஜைச் சாமானோடு வந்தார். ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள். முன்பு உப்பளத்தில் பங்கு வைத்திருந்தவர், வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. சார் கம்ப்யூட்டரில் அம்மன் மல்லாந்து படுத்திருக்கிற படத்தைக் காட்டினார். பெரியவர் முகம் மாறிவிட்டது.

"என்னா தம்பி இது? பொணத்தையா கெடத்தறீங்க?"

"இல்லீங்க, அடிக்கும்போது மட்டும் படுக்க வெக்கிறோம். எடுத்ததும் நிக்க வெச்சிடலாம்."

"எங்காத்தா நிக்கறவ. பொறக்கும்போதே படுத்துக்கிட்டு வந்தா ஊரு வெளங்குமா?"

சார் சிரித்துக்கொண்டே, "பொறக்கும்போது எல்லாரும் படுத்துக்கிட்டுத்தானே பொறக்கறோம்" என்றார். பெரியவர் சிரிக்கவில்லை. "பெருமாள் படுத்துக்கிட்டுத்தானேங்க இருக்கார்?" என்று சார் இன்னொன்று விட்டுப் பார்த்தார்.

"அவரு படுக்கற சாமி. அவருக்குப் பாம்புப் படுக்கை இருக்குது. எங்காத்தாவுக்குப் பால் பவுடரக் கொட்டி வெச்சிருக்கீங்க."

"பால் பவுடர் இல்லீங்க..."

"எதுவா இருந்தா என்னா? நிக்க வெச்சே பண்ணுங்க. நேரம் ஆனா ஆவட்டும். நாங்க என்னா உங்கள வெரட்டறோமா?"

அவரை யாரும் விரட்டவில்லை. என்னைத்தான் தங்கை வீட்டில் விரட்டினார்கள். சொல்லியிருக்கலாம். ஐயா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு இப்படி ஒரு காரியம் என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பதில் பிரஷை எடுத்து, சுத்தமாக இருந்த உருளையையே தட்டிக்கொண்டிருந்தேன். சார் கம்ப்யூட்டரில் அம்மனை நிமிர்த்தினார். மெஷின் பாதத்திலிருந்து ஆரம்பித்தது.

வெள்ளி போனது, சனி போனது. கம்ப்யூட்டர் திரையில் அம்மன் படம் நிற்கும். அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அச்சு எதுவரை வந்திருக்கிறதோ அதுவரை கோடு ஏறியிருக்கும். முழங்கால், கொசுவம், இடுப்பு. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது. நிமிஷ முள்ளாவது நகர்வது தெரியும். இது நகருவதே தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஒருவழியாகத் துணிந்து சாரிடம் சொன்னேன். நாளைக்குக் காலையில் தங்கை குழந்தைக்குக் காது குத்துகிறோம் என்று. முழுசாகச் சொன்னேனா, பாதியை விழுங்கினேனா தெரியாது. "போய்ட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று உடனே சொல்லிவிட்டார். அவ்வளவு சுலபம்! இத்தனை நாள் எதற்காகச் செத்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஆனால் ஞாயிறு விடிந்ததும் பசைத் தண்ணீர் தீர்ந்துபோகிற மாதிரி இருந்தது. "பாண்டிக்குப் போய் வாங்கிட்டு ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன். கொஞ்சம் இருங்களேன்" என்று சார் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. புதுச்சட்டையை ஆணியில் மாட்டிவைத்துவிட்டு, மாவு படிந்த பனியனோடு உருளையைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் டி.வி.எஸ். பிஃப்டி சத்தம். சார் என்று ஓடினால் மாப்பிள்ளை! பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதே நேரம் பெரியவரும் அம்மனைப் பார்க்கத் தேங்காயோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"மச்சான், காது குத்தற பத்தர் வந்து ஊசியத் தொடச்சித் தொடச்சி வெக்கிறாரு. உங்க தங்கச்சி ஒரு மூலையில உக்காந்து அழுவுது. வர்றீங்களா, இல்ல கோட்டக்குப்பத்தானை உக்கார வெச்சிடட்டா?"

"சார் வந்துடுவாரு மாப்ள..."

"சாரு, சாரு! சாரா தாய்மாமன்?"

பெரியவர் நடுவில் வந்து, "ஏம்பா, வேலை நேரத்துல சொந்தக்காரங்க வந்து நிக்கலாமா? ஆத்தா வேலை நடக்குது இல்ல?" என்றார்.

அப்போது எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பிரஷை அவர் கையில் திணித்தேன். "ஐயா, நிக்க வெச்சுத்தான் பண்ணணும்னு சொன்னது நீங்க. படுக்க வெச்சிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும். நீங்களே நில்லுங்க. இந்த உருளையத் தட்டணும். மாவு கொறஞ்சா கொட்டணும். ஏதாச்சும் தப்பா நடந்தா இந்தச் சிவப்பு பட்டன அமுக்குங்க." அவர் வாயைத் திறப்பதற்குள் சட்டையை எடுத்துக்கொண்டு டி.வி.எஸ்.ஸின் பின்னால் ஏறிவிட்டேன். உப்பு மண்டியெல்லாம் தாண்டி ரொம்ப தூரம் வந்தபின்தான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் குலசாமி இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் இருக்கிறது. போய் இறங்கியதும் கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது. முடி, மீசை, புருவம், எல்லாம் வெள்ளை. வேர்வையும் மாவும் சேர்ந்து கன்னத்தில் காய்ந்து வெடித்திருந்தது. எல்லாருக்கும் எரிச்சல், குழந்தைக்கு மட்டும் சந்தோஷம். தத்தித் தத்தி வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, விரலை நக்கப் போனது. "வெள்ள மாமா!" என்று சிரித்தது. தானாகவே மடியில் ஏறப் பார்த்தது. அப்படியே விட்டிருந்தால் அந்த நிமிஷமே இரண்டு காதும் முடிந்திருக்கும்.

விடவில்லை. "போட்டோ புடிக்கறாங்க, இந்தக் கோலத்துலயா?" என்று தங்கை என்னை அடிபம்புக்கு இழுத்துக்கொண்டு போய் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டாள். திரும்பிவந்து உட்கார்ந்தேன். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அது என்னை ஏறிட்டுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. "வெள்ள மாமா எங்க?" அவ்வளவுதான். தோப்பில் இருந்த காக்காயெல்லாம் பறந்துபோகிற மாதிரி கத்தல். பத்தர் வலது காதை எப்படியோ குத்திவிட்டார். இடது காதுக்கு வருவதற்குள் குழந்தை உதைத்த உதையில் தட்டு கவிழ்ந்து, மெல்லிய தங்கக் கம்பி மண்ணில் விழுந்தது. தேடி எடுத்து நிமிர்த்துவதற்குள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "பன்னெண்டாயிடுச்சு, எமகண்டம்! கை வெக்காதீங்க" என்று கத்தினாள்.

ஆக, ஒரு காது. பிரியாணி பரிமாறினார்கள். வருகிறவர்கள் எல்லாம், "ஏன் ஒத்தைக் காது?" என்று கேட்டுக்கேட்டுச் சாப்பிட்டார்கள். புதன்கிழமை காலை நல்ல நேரம் இருக்கிறது, மீதியை அன்றைக்கு முடித்துவிடலாம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை என் இலையில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே, "மச்சான், புதன்கெழம. அன்னைக்கும் மெஷின்தான்னா பொண்ணு காலம்பூரா ஒத்தைத் தோட்டோட திரியும். கட்டிக்கப் போறவன் கேட்டா உங்கள கை காட்டுவேன்" என்றார்.

ஆறு மணி வாக்கில் ஷெட்டுக்குத் திரும்பினேன். பாதையில் வரும்போதே மெஷின் சத்தம் கேட்கவில்லை. உள்ளே பெரியவர் மடியில் பிரஷை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சுருக்கமில்லாத வேட்டி மாவு மூட்டை மாதிரி இருந்தது. மத்தியானமே திரும்பிவந்திருந்த சார், நாள்கணக்கில் தூங்காத களைப்பில் மூலையில் பாயில் அடித்துப் போட்டது போலக் கிடந்தார்.

"கரண்ட் போச்சாங்கையா?"

"இல்லப்பா. நாந்தான் நிறுத்தினேன்." திரையைக் காட்டினார். சிவப்புக் கோடு அம்மனின் மூக்குக்கு மேலே நின்றது. "நாலரைக்குப் பாத்தேன், மூக்கு முடிஞ்சிடுச்சு. அடுத்தது கண்ணு. ஞாயித்துக்கெழம நாலரை டு ஆறு ராகு காலம். ராகு காலத்துல ஆத்தாவுக்குக் கண்ணு தொறந்தா ஊரு தாங்குமா? அதான் பட்டன அமுக்கிட்டேன். நீதானே சொன்னே, தப்பா நடந்தா அமுக்குன்னு. இதோ ஆறாயிடுச்சு, இனிமே ஓட்டுப்பா."

நான் சாரை எழுப்பினேன். அவர் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போய் வாசலில் நின்றுவிட்டு வந்தார். தலையின் துவாரங்களில் பசை காய்ந்து அடைத்திருந்தது. அதைத் துடைத்து ஓடவிட்டார். எஞ்சிய கண்ணும் நெற்றியும் கிரீடமும் திங்கட்கிழமை காலையில் முடிந்தன. பெரியவரும் வந்துவிட்டார். மாவைத் தோண்டினோம். சார் இரண்டு கையாலும் அம்மனைத் தூக்கினார். தூக்கியது கிரீடத்தோடு நெற்றிதான். கண்ணுக்குக் கீழே இருந்ததெல்லாம் மாவிலேயே நின்றுகொண்டிருந்தது. நின்ற நேரத்தில் காய்ந்துபோன வரிசையோடு புது வரிசை ஒட்டவே இல்லை. டப்பா மூடி மாதிரிக் கழன்று வந்துவிட்டது.

பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா, தாயே, என்னா காரியம் பண்ணிட்டேன்!"

சார் அவரைக் கோபிக்க முடியாமல் என் பக்கம் திரும்பினார். "ஏண்ணே, நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா?"

அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லைக் கேட்டதும் கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ. "இருக்க முடியாது சார். புதன்கெழம மீதிக் காது இருக்குது" என்றேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். சித்திரையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். வெள்ள மாமா விஷயத்தையும் சொன்னேன்.

பெரியவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "அந்த உருளையத் தட்டித் தட்டி எனக்குத் தோள்பட்டை போச்சுப்பா" என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். பிறகு சாரைப் பார்த்து, "தம்பி, படுக்க வெச்சா கண்ணு எப்ப வரும்?" என்றார்.

"மல்லாக்கப் படுக்க வெச்சா முதுகுலருந்து ஆரம்பிச்சு மேல வருங்க. மூஞ்சி கடைசி. கண்ணு மூக்கெல்லாம் கடைசி ஒரு மணி நேரத்துலதான்."

"எத்தினி மணிக்குன்னு முன்னாடியே சொல்ல முடியுமா?"

"நீங்க மணியச் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி ஆரம்பிக்கறேன்."

பெரியவர் முகம் தெளிந்தது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் வேணாங்கப்போறேன்? சீக்கிரம் முடியும், சீக்கிரம் முடியும்னே சொன்னீங்க. நல்ல நேரத்துல முடியும்னு சொன்னீங்களா?" சார் என்னைப் பார்த்தார். நான் மாவுத் தொட்டியைப் பார்த்தேன். எங்கே போய் முட்டிக்கொள்வது! வேகம் என்று ஒரு வாரமாகக் கதறினோம், அது அவர் காதிலேயே ஏறவில்லை.

அத்தோடும் விடவில்லை. "தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் இருந்தபடி வடக்கே இருந்தது. வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது, மெஷினைத் திருப்பிப் போடுங்கள் என்றார். அதைத் திருப்பினால் மட்டம் பார்க்கவே இரண்டு நாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் திரையில் ஏதோ ஒன்றைத் தட்டினார். அம்மன் படம் சுற்றித் தெற்கே தலைவைத்துக்கொண்டது. "அவ்ளோதானா?" என்றார் பெரியவர். இன்னும் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருந்தால் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

செவ்வாய் முழுக்க மெஷின் ஓடியது. பெரியவர் தானாக ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எனக்கு மாற்றாக உருளையைத் தட்டினார். புதன்கிழமை சூரியன் எழுகிற நேரத்துக்குக் கண் என்று கணக்கு. விடிந்தும் விடியாத நேரம், கோடு காதைத் தாண்டிக் கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பெரியவர் கற்பூரத்தை எடுத்தார். மாவு பறக்கிற இடத்தில் நெருப்பா என்று சார் அவரை வாசலுக்கு அனுப்பினார். போகிற வழியில் என் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கிக்கொண்டு, "நீ இன்னும் ஏன்பா நிக்கறே? கெளம்பு. கொழந்தைக்கு முன்னாடி போய் உக்காரு" என்றார்.

அம்மன் கண் திறந்ததை நான் பார்க்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். குளித்து, மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பொட்டு மாவில்லாமல் தோப்புக்குப் போனால் அங்கே யாரும் இல்லை. சாமிகூடக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. ஏழரைக்கு மேல் ஒன்பது வரை எமகண்டம். அதற்கப்புறம்தான் வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முந்திரி மரத்தடியில் எறும்பு கடிக்கக் கடிக்க உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்கு மேல் ஆடி அசைந்து ஆட்டோவில் இறங்கினாள் தங்கை. "அண்ணே! அதுக்குள்ள வந்துட்டியா? மெஷின் ரிப்பேரா?" என்றாள். பத்தர் காபி குடிக்கப் போயிருந்தார்.

கடைசியில் எல்லாரும் சேர்ந்தார்கள். மடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். ஒற்றைக் காதில் கம்பி மின்ன குழந்தை வந்து, என் பளிச்சென்ற முகத்தை உற்றுப் பார்த்தது. உதடு மறுபடி பிதுங்கத் தொடங்கியது. மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். தங்கை ஒரு விநாடி யோசித்தாள். பூசாரியின் தட்டிலிருந்து திருநீறை இரண்டு கையாலும் அள்ளி, நெற்றி, கன்னம், மீசை என்று என் முகம் முழுக்க அப்பிவிட்டாள். எனக்குக் கண் எரிந்தது, தும்மல் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். கூச்சத்தில் மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"வெள்ள மாமா" என்று சொல்லிக்கொண்டு குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்தது. பத்தர் காதைத் தடவினார். நான் தும்மாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.